பச்சை ஊரின் காய்ச்சல்

நாய் பிடிக்கும் வண்டியை டாக்டர் பூங்கோதை ஓடைக்கரை வளைவில் வழிமறித்தாள். பூதிக்கரட்டுக்கு ஏறும் மண்பாதை அந்த இடத்தில் ஒரு வண்டி அகலத்துக்குக் குறுகிவிடும். ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

ஓட்டுநர் தங்கராசு இறங்கி வந்தான். "மேடம், மேல இருந்து வந்த ஆர்டருங்க. நீங்களும் கவர்மென்ட்டு, நானும் கவர்மென்ட்டு. நமக்குள்ள எதுக்குங்க?"

"எந்த நாயைப் பிடிக்கப் போறீங்க?"

"பட்டை கட்டுன நாய் அத்தனையும்."

"அந்தப் பட்டையைக் கட்டினவ நான்தான்" என்றாள் பூங்கோதை.

அவள் கால்நடை மருத்துவர். மலையடிவாரத்துக் குடியிருப்புகளில் நாய்களுக்குக் கழுத்துப்பட்டை கட்டும் திட்டம் வந்தபோது, வேறு யாரும் ஏறி வரத் தயாராக இல்லாததால் அவளிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது பூதிக்கரட்டில் வீட்டுக்கு வீடு கட்டிக்காய்ச்சல். விட்டுவிட்டுக் காயும், உடம்பு கருக்கும், இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கட்டியாகத் தட்டுப்படும். மருந்து தாமதமானால் ஆள் மிஞ்சுவதில்லை. பரப்புவது மணல் ஈ. கொசுவில் பாதிகூட இருக்காது, ரீங்காரமும் கிடையாது. கடித்துவிட்டுப் போன பிறகுதான் தோல் அரிக்கும். அந்த ஈ கொண்டுவரும் ஒட்டுண்ணி மனிதர்களிடம் தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே நாய்களிடம் தெரிந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் பட்டை. உள்பக்கம் முள் நுனி அளவுக்கு ஓர் ஊசி. நாயின் ரத்தத்தை அது தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒட்டுண்ணியின் சுவடு தெரிந்தால் மலைமேல் இருக்கும் கோபுரத்துக்குச் செய்தி போகும். மாவட்ட வரைபடத்தில் அந்த ஊர் சிவக்கும். சிவந்த ஊருக்கு மருந்து வண்டி போயாக வேண்டும். அதற்கு எந்த அதிகாரியின் அனுமதியும் தேவையில்லை, கணினியே அனுப்பிவிடும்.

முதல் பட்டையை வேலாத்தாளின் நாய்க்குத்தான் கட்டினாள். வேலாத்தாள் ஆடு வளர்ப்பவள். கணவன் நஞ்சப்பனும் மகள் சுகந்தியும் அவளுமாக மூன்று பேர், செம்பன் என்ற அந்த நாய் நாலாவது. கட்டி முடித்ததும் வேலாத்தாள் கேட்டாள்: "அப்ப, எங்களுக்கு வர்ற நோவை இது முன்னாடியே வாங்கிக்குதுங்களா?"

"வாங்கிக்கலைக்கா. ஈ அதையும் கடிக்குது, உங்களையும் கடிக்குது. அது மொதல்ல சொல்லிரும், அவ்வளவுதான்."

"சொல்றதுக்கு மருந்து குடுப்பீங்களா?"

"அதுக்கும் உண்டு" என்றாள் பூங்கோதை. சொன்னபடி கொடுக்கவும் செய்தாள்.

திட்டம் வேலை செய்தது. ஊர் சிவக்கும், மருந்து வரும், காய்ச்சல் தலைதூக்குவதற்குள் அடங்கிவிடும். பூதிக்கரட்டில் கட்டிக்காய்ச்சலுக்கு ஆள் சாவது நின்றது. ஆனால் அந்த வரைபடம் யார் கைபேசியிலும் தெரியும்படி இருந்தது. கீழே வெள்ளியம்பதி டவுனில் இருந்தவர்கள் சிவப்பைத்தான் பார்த்தார்கள், மருந்தைப் பார்க்கவில்லை. கறிக்கடைக்காரர்கள் பூதிக்கரட்டு ஆடு வேண்டாம் என்றார்கள். பஸ் ஓடை நிறுத்தத்தில் நிற்காமல் போனது. விடுதியில் தங்கிப் படித்த சுகந்தியைத் தனி அறையில் படுக்கச் சொன்னார்கள், அவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். சுற்றுலா விடுதி நடத்துகிறவர்கள் கூட்டமாகப் போய் மாவட்ட நோய்க் கண்காணிப்பு அதிகாரி ஆனந்தவேலைப் பார்த்தார்கள். அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான் இப்போது வளைவில் நிற்கும் வண்டி.

பூங்கோதை அங்கிருந்தே கைபேசியில் ஆனந்தவேலைக் கூப்பிட்டாள்.

"நோய் நாய்கிட்ட இருக்கு டாக்டர். நாயை எடுத்துட்டா நோய் போச்சு. இதுல உங்களுக்கு என்ன சந்தேகம்?"

"நாயை எடுத்துட்டா ஈ பட்டினி கெடக்குமா சார்? இன்னிக்கு நாயையும் ஆளையும் மாத்தி மாத்திக் கடிக்குது. நாளைக்கு ஆளை மட்டும் கடிக்கும். அதுவும் நமக்குத் தெரியாமயே."

"கொல்லப் போறோம்னு யார் சொன்னா? கொண்டு வந்து ஊசி போட்டு, குணமானதும் திருப்பி விடுவோம். எழுத்துல வேணுமா?"

"வேண்டாம் சார். சொன்னாப் போதும்."

ஸ்கூட்டரை ஓரமாக நகர்த்தினாள்.

செம்பன் வலைக்கு அகப்படவில்லை. ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் பாறை இடுக்கில் போய் நின்றுகொண்டு உறுமியது. கடைசியில் வேலாத்தாள்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குணமாக்கித் தருவார்கள் என்று டாக்டரம்மாவே சொன்னதால் கூப்பிட்டாள். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அவளே தூக்கி வண்டிக்குள் விட்டாள்.

எந்த நாயும் திரும்பி வரவில்லை. பூங்கோதை கேட்டபோதெல்லாம் "சிகிச்சையில இருக்கு" என்றார்கள். பிறகு ஒருநாள், கழற்றிய பட்டைகளை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு அவளுடைய மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார்கள். அதைத் திறந்து பார்த்தபோதுதான் நாய்களைக் கொன்றுவிட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

நாய் இல்லாததால் பூதிக்கரட்டிலிருந்து செய்தி எதுவும் போகவில்லை. நோய் இல்லாததால் செய்தி இல்லை என்று கணினி எடுத்துக்கொண்டது. கொஞ்ச காலம் பொறுத்துவிட்டு ஊரைப் பச்சையாக்கியது. நோயற்ற ஊர்கள் அதிகம் உள்ள மாவட்டம் என்று ஆனந்தவேலுக்குத் தலைநகரில் சால்வை போட்டார்கள். பூதிக்கரட்டு ஆடுகளை மறுபடி வாங்கினார்கள், பஸ்ஸும் நின்றது. வேலாத்தாள்கூட ஒருமுறை, "நாயிங்க போனாலும் போச்சு, நிம்மதி வந்துதுங்க" என்று சொன்னாள்.

மழைக்காலம் முடிந்ததும் நஞ்சப்பனுக்குக் காய்ச்சல் வந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்து இளம் டாக்டர் நல்லவர்தான். விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மருந்துப் பெட்டி கணினியின் சொல்லைக் கேட்டுத்தான் திறக்கும். ஊர் எது என்று கேட்டது. பூதிக்கரடு என்று பதிந்தார். பச்சை ஊர், வேறு காரணம் தேடவும் என்று பதில் வந்தது. டைபாய்டுக்குப் பார்த்தார்கள், காசநோய்க்குப் பார்த்தார்கள். மருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. நஞ்சப்பன் பத்து வயதுப் பையன் எடைக்கு வற்றி, பட்டிக்குப் பக்கத்திலேயே செத்துப்போனார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். எல்லோருக்கும் சாவுக் காரணம் என்று வேறு வேறு பெயர் எழுதப்பட்டது.

ஒருநாள் காலை பூங்கோதை ஒரு கன்றுக்குக் காலில் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோது வேலாத்தாள் கால்நடை மருத்துவமனை வாசலில் வந்து நின்றாள். முதுகில் சுகந்தி. பதினாறு வயதுப் பெண்ணை அப்படித் தூக்கிவர முடிந்ததே பார்க்கிறவருக்கு நோயைச் சொல்லிவிட்டது.

"அக்கா, இது மாட்டாஸ்பத்திரி."

"தெரியுமுங்க. மனுசன் ஆஸ்பத்திரியில எங்க ஊருக்கு நோவே இல்லீன்னுட்டாங்க. நாய்க்கு நோவு வந்தப்ப நீங்கதானுங்களே பாத்தீங்க? இவளயும் பாத்துருங்க."

பூங்கோதை மேஜையைத் துடைத்து, அதன்மேல் தன் துப்பட்டாவை விரித்து சுகந்தியைப் படுக்க வைத்தாள். கையை விலாவுக்குக் கீழே கொண்டு போனாள். கல் மாதிரி இருந்தது. செம்பனுக்கும் இப்படித்தான் இருந்தது, அதற்குத் தன் கையால் ஊசி போட்டிருக்கிறாள். ஊர் பச்சையான பிறகு அவளுக்கு மருந்து வருவது நின்றுவிட்டது, இந்தப் பெண்ணுக்குப் போட அவளிடம் ஒரு சொட்டு இல்லை.

இருவரையும் மருத்துவமனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நேராக ஆனந்தவேலின் அலுவலகத்துக்குப் போனாள். குளிரூட்டிய அறை. சுவர் முழுக்க வரைபடம், மலையடிவாரம் எங்கும் பச்சைப் புள்ளிகள். வெள்ளியம்பதி டவுன் இருக்கும் இடம் மட்டும் எந்த நிறமும் இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. டவுன் நாய்களுக்குப் பட்டை கட்ட வேண்டாம், தேவையில்லாமல் பேர் கெடும் என்று நகராட்சியில் மறுத்துவிட்டிருந்தார்கள்.

"பொண்ணு வெளிய ஜீப்புல படுத்திருக்கா சார். வந்து ஒரு தடவை தொட்டுப் பாருங்க. போதும்."

"நான் தொட்டுப் பாத்து என்ன டாக்டர் ஆகப் போகுது? ஊர் பச்சையா இருக்கு. பச்சை ஊருக்கு மருந்து ஒதுக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

"நாயைக் கொன்னதாலதான் பச்சை. கண்ணைப் பிடுங்கிட்டு, எதுவும் தெரியலை, அதனால எதுவும் இல்லைன்னு சொல்றீங்க."

"உணர்ச்சிவசப்படாதீங்க. வேணும்னா புதுசா நாய் விடுங்க. பட்டை கட்டுங்க. சிவப்பாகட்டும். நானே அனுப்பறேன்."

"இன்னிக்கு விடற நாய்க்கு நோய் பிடிச்சுத் தெரியறதுக்கு மாசக்கணக்கு ஆகும். அது வரைக்கும் இந்தப் பொண்ணு இருப்பாளா?"

ஆனந்தவேல் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டிருந்தார். "என் கையில என்ன இருக்கு? சிஸ்டம் நாயோட பேச்சைத்தான் கேக்கும். அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க."

வேலாத்தாள் அதுவரை கதவோரம் நின்றிருந்தாள். அவர் சொன்னதை அவள் காது கொடுத்துக் கேட்டாள் என்பது மருத்துவமனைக்குத் திரும்பிய பிறகுதான் பூங்கோதைக்குத் தெரிந்தது. மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து வேலாத்தாள் ஒரு பட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நாய்க்கு மட்டுந்தான் வேலை செய்யுமுங்களா?"

"ரத்தம் இருக்கிற எதுக்கும் செய்யும். ஏன்?"

"எங்களுக்கும் ரத்தந்தானுங்களே ஓடுது."

பூங்கோதைக்குச் சட்டென்று புரிந்தது. "வேண்டாம்க்கா. மனுஷங்க கழுத்துல நாய்ப்பட்டையை நான் கட்ட மாட்டேன்."

"நீங்க கட்ட வேண்டாமுங்க. எப்படிக் கட்டறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க. நாங்களே கட்டிக்கறோம்."

"உங்களை நாய்ன்னு பதிய வேண்டி வரும். நாய் பேரு, நாய் வயசுன்னு கேக்கும்."

"பதிஞ்சுக்குங்க. நஞ்சப்பன்னு மனுசன் பேரு பதிஞ்சுதான போனாரு. அந்தப் பேரை அந்தப் பொட்டி மதிச்சுதுங்களா?" அவள் குரல் உயரவில்லை. "என்ற புள்ள பொழைக்கறதுன்னா நான் குரைச்சுக்கூடக் காட்டுவனுங்க."

பூங்கோதை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வந்த கோபத்தை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்தாள்.

பூதிக்கரட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. வேலாத்தாள் முதலில் தன் கழுத்தில் கட்டிக்கொண்டாள், அடுத்து சுகந்திக்கு. மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கிழவர் ஒருவர், தன் வீட்டு நாய் போட்டிருந்த பட்டைதானா என்று பார்த்து அதையே தேடி எடுத்தார். சில சின்னப் பிள்ளைகள் கழுத்தில் அரிக்கிறது என்று அழுதார்கள். பூங்கோதை கைபேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டையாகப் பதிந்தாள். இனம் என்று கேட்ட இடத்தில் நாட்டு நாய் என்று அடிக்கும்போது ஒவ்வொரு முறையும் அவள் விரல் ஒரு கணம் நின்றது. அவர்கள் கூழ் காய்ச்சிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஊர் சிவந்துவிட்டது.

மறுநாள் முதலில் வந்தது மருந்து வண்டி இல்லை.

தங்கராசு வலையும் சுருக்குக் கம்பியுமாக இறங்கினான். நோயுள்ள நாய்கள் ஏராளமாகத் தென்படுகின்றன, உடனே அகற்றவும் என்று அவனுக்குச் செய்தி போயிருந்தது. ஆட்டுப்பட்டிக்கு முன்னால் ஊரே வெயிலில் உட்கார்ந்திருந்தது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக எல்லோர் கழுத்திலும் பட்டை. அவன் அதைக் கவனிக்காமல், "நாயெல்லாம் எங்கீங்க?" என்று கேட்டான்.

"வந்துட்டோமுங்க" என்று வேலாத்தாள் எழுந்தாள். "ஆரை மொதல்ல ஏத்தறீங்க?"

தங்கராசு அவள் கழுத்தைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் இருந்தவர்களின் கழுத்தைப் பார்த்தான். கையிலிருந்த சுருக்குக் கம்பி கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனியக்கூட இல்லாமல் போய் வண்டிப்படியில் உட்கார்ந்துகொண்டான். பக்கத்தில் வந்த பூங்கோதையிடம், "என்ற வண்டியில இனிமே எந்த உசுரும் ஏறாதுங்க மேடம்" என்றான். அவன் எடுத்த ஒரு படம் அன்று மாலைக்குள் எல்லோர் கைபேசியிலும் போய்விட்டது.

மருந்து வண்டியும் வந்தது. விதி விதிதான், சிவந்த ஊருக்கு அது வந்தாக வேண்டும். சுகந்திக்கு நரம்பில் மருந்து ஏறியதை வேலாத்தாள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சில வாரங்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தாள்.

படத்தைப் பார்த்துவிட்டுத் தலைநகரிலிருந்து கேள்வி மேல் கேள்வி வந்தது. ஆனந்தவேல் வெட்கப்படுவார் என்று பூங்கோதை எதிர்பார்த்தாள். அவர் அதைவிடச் சாமர்த்தியசாலி. நாயின் வழியாகச் சுற்றி வளைத்துக் கண்காணிப்பதைவிட மக்களையே நேரடியாகக் கண்காணிப்பது சிறந்தது என்று பூதிக்கரடு மக்களே தாமாக முன்வந்து நிரூபித்துவிட்டார்கள் என்று பேட்டி கொடுத்தார். மலையடிவாரத்துக் குடியிருப்புகள் அத்தனைக்கும் மனிதர்களுக்கான கழுத்துப்பட்டை தயாரானது. நீல நிறம், மெத்தென்ற துணி, அரிக்காது. கட்டிக்கொள்ளாதவர்களுக்கு ரேஷன் கிடையாது என்று பேச்சு அடிபட்டது.

தொடக்க விழா வெள்ளியம்பதி நகராட்சி மண்டபத்தில் நடந்தது. முன்னோடி என்று சொல்லி வேலாத்தாளை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். பூங்கோதை முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் அந்த வரைபடம்.

ஆனந்தவேல் ஒரு நீலப் பட்டையை எடுத்து வேலாத்தாளிடம் நீட்டினார். "நீங்க கட்டித் தொடங்கி வையுங்கம்மா."

அவள் வாங்கிக்கொண்டாள். புரட்டிப் பார்த்தாள். "டவுன்ல ஆருக்கெல்லாம் கட்டறீங்க சார்?"

"டவுன்ல எதுக்கும்மா? அங்கதான் நோயே இல்லையே."

"எங்க ஊர்லயும் இல்லீன்னுதானுங்களே சொன்னீங்க?" என்றாள் வேலாத்தாள். "நீங்க பெரியவரு. நீங்க கட்டிக்கிட்டீங்கன்னா எல்லாரும் கூச்சப்படாமக் கட்டிக்குவாங்க. சித்தெ குனியுங்க."

கேமராக்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. ஆனந்தவேல் சிரித்துக்கொண்டே, மாலை வாங்குகிறவர்போலக் குனிந்தார். அவள் கட்டிவிட்டாள். கைதட்டல் எழுந்தது. அவர் ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் அறிவியலைப் பற்றியும் மக்கள் பங்கேற்பைப் பற்றியும் பேசத் தொடங்கினார்.

பேச்சின் நடுவில் மண்டபத்தில் சலசலப்பு. தன் பேச்சுக்குத்தான் என்று முதலில் நினைத்தார். பிறகு எல்லோர் பார்வையும் தன்னைத் தாண்டிப் போவதைக் கண்டு திரும்பினார். இத்தனை நாளும் வெளுத்துக் கிடந்த டவுனுக்கு நடுவில், நகராட்சி மண்டபம் இருக்கும் இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"சார் மலைக்குப் போயிட்டு வந்திருப்பாரு" என்று யாரோ சொன்னார்கள்.

"சார் மலைக்குப் போற ஓடைப்பாலத்தைத் தாண்டுனதே இல்லீங்க" என்று பின்வரிசையில் நின்றிருந்த அவருடைய ஓட்டுநர் சொன்னார்.

பிடித்துக்கொண்டு போன நாய்களை எங்கே வைத்திருந்தார்கள் என்று பூங்கோதை அதற்குப் பிறகுதான் விசாரித்தாள். ஊசி போடவும் ஆளில்லை, கொல்லவும் உத்தரவு தாமதம் என்று, ஆனந்தவேலின் வீடும் இருந்த அதிகாரிகள் குடியிருப்புக்குப் பின்னால் சாக்கடையோரக் கொட்டகையில் வாரக்கணக்கில் அடைத்துப் போட்டிருந்திருக்கிறார்கள். ஈரமண், இருட்டு, கூட்டமாக நோய் நாய்கள். மணல் ஈக்களுக்கு அதைவிட விருந்து இல்லை. நாய்களைக் கொன்ற பிறகு அந்த ஈக்கள் அடுத்த சுவரைத் தாண்டியிருக்கின்றன.

அன்று மாலையே ஆனந்தவேலுக்கு முதல் ஊசி போட்டார்கள். அந்த வாரத்துக்குள் விதி மாறிவிட்டது. ஊர் எந்த நிறமாக இருந்தாலும், விலாவுக்குக் கீழே கட்டி தட்டுப்பட்டால் மருந்துப் பெட்டியை டாக்டரே திறக்கலாம். நீலப் பட்டைகள் எங்கோ போய்விட்டன. டவுன் தெருநாய்களுக்கு, நகராட்சித் தலைவரே முன்னால் நின்று பட்டை கட்ட வைத்தார். வரைபடத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி மூடிவிட்டார்கள்.

நல்லதுதான் நடந்திருக்கிறது என்று பூங்கோதைக்குத் தெரியும். மலையேறும்போது அதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் நெஞ்சு எரிந்தது. நஞ்சப்பனும் அவருக்குப் பின்னால் போனவர்களும் அசைக்க முடியாத விதியை, டவுனுக்குள் விழுந்த ஒரே புள்ளி அசைத்துவிட்டது. இதை வேலாத்தாளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

வேலாத்தாள் பட்டிக்குள் ஒரு குட்டிக்குப் புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். பூங்கோதை ஒன்றுவிடாமல் சொன்னாள். கொட்டகையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் வேலாத்தாளின் கை கொஞ்சம் நின்றது.

"அந்த சாருக்கு இப்ப எப்படீங்க இருக்குது?"

"தேறிட்டாரு. கண்டுபிடிச்ச அன்னிக்கே ஊசி போட்டுட்டாங்க." சொல்லும்போதே பூங்கோதைக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. "அவருக்கு மட்டும் அன்னிக்கே போட்டுட்டாங்கக்கா."

வேலாத்தாள் குட்டியின் வாயிலிருந்து வழிந்த பாலை முந்தானையால் துடைத்தாள்.

"அப்படித்தானுங்க போடோணும்" என்றாள். "ஆருக்கு வந்தாலும் அன்னிக்கே போட்டரோணும்."